யுகுலேலேயில் கோட் ஏன் கடிக்கிறது? சத்தத்தை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

போன மாதம் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் கையில் நீல நிற யுகுலேலே (கிற்றார் மாதிரி நான்கு தந்தி உள்ள சின்ன வாத்தியம்), கனடாவிலிருந்து சித்தி கொண்டுவந்தது. "மூன்று மாதமாய் அடிக்கிறாள் ரீச்சர், ஒரு கோட்கூட வடிவாய்க் கேட்குதில்லை. விரல் சரிவரேல்லைப் போல" என்றார். கோட் என்றால் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது. பக்கத்தில் இருந்த என் அம்மம்மாவுக்குக் கோட் என்றால் வழக்கு நடக்கும் இடம், அதனால் அவர் வேறு விதமாகக் கவலைப்பட்டார். வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது தந்தி அரைச்சுரம் இறங்கி இருந்தது. பிள்ளையின் விரலில் ஒரு பிழையும் இல்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சத்தம் கெட்டால் எல்லோரும் முதலில் விரலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். விரலைத் திட்ட முதல் ஒரு வேலை செய்யுங்கள். கோட்டைப் பிடித்தபடியே இடது கையை அசைக்காமல், 4, 3, 2, 1 என்று ஒவ்வொரு தந்தியாக மெதுவாகத் தட்டுங்கள். எந்தத் தந்தி முறைப்பாடு சொல்கிறது, என்ன மாதிரிச் சொல்கிறது என்று கேளுங்கள். ஊமையா, இரைச்சலா, சுருதி பிழையா? அதைப் பொறுத்துக் கீழே உரிய இடத்துக்குப் போகலாம்.

சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடியில் வைத்திருக்கும்போது முகட்டைப் பார்த்து இருப்பது 4ஆம் தந்தி, நிலத்தைப் பார்த்து இருப்பது 1ஆம் தந்தி. கழுத்தில் குறுக்கே கம்பி பதித்துப் பிரித்திருக்கும் ஃபிரெட்டை வீணைக்காரர் சொல்கிற மாதிரி மெட்டு என்றே எழுதுகிறேன். 0003 என்று எழுதினால் 4ஆம் தந்தியிலிருந்து வரிசையாக மூன்று தந்திகள் திறந்தபடி, 1ஆம் தந்தியில் மட்டும் 3ஆம் மெட்டு. அதுதான் சி கோட்.

திறந்த தந்திகள் நான்கும் மேல்நாட்டுச் சுரப்பெயரில் ஜி, சி, ஈ, ஏ. பாடுபவரின் ச எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். 1 கட்டைச் சுருதியில் சி தான் ச என்று வைத்தால், அவை ப, ச, க, த. சங்கீத வகுப்புக்குப் போன பிள்ளைக்கு இந்த நான்கு எழுத்துப் போதும். மோகன இராகத்தில் ரி ஒன்றுதான் குறை.

"நாலாவது தந்தி மெல்லிசாக இருக்கிறது, மாற்றிக் கட்டிவிட்டார்களா?"

இல்லை. கிற்றார் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். யுகுலேலேயில் 4ஆம் தந்தியின் ப மந்தர ஸ்தாயி அல்ல. ச, க இரண்டையும் தாண்டி மேலே, த வுக்குக் கீழே நிற்கிற மத்திய ஸ்தாயி ப. அது தெரியாமல் அந்த மெல்லிய தந்தியைக் கீழ் ப வரை இறக்கினால் புடவை காயப்போடும் கயிறு மாதிரித் தொங்கும். கீழ் ப வேண்டும் என்றால் அதற்கென்று தடித்த தந்தி தனியாக விற்கிறார்கள், அதை வாங்கித்தான் போட வேண்டும்.

இந்தச் சின்னப் பெட்டியின் மூதாதை போர்த்துக்கேயரின் மடெய்ராத் தீவிலிருந்து 1879இல் கப்பலேறி ஹவாய்க்குப் போனது. அதே போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள். எங்களிடம் விட்டுப்போனவற்றில் இது இல்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

"சுருதி கூட்டி அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடுகிறது"

புதுத் தந்தி என்றால் அது நோய் இல்லை. நைலோன் இழுபடும். ஒரு வாரத்துக்கு நாளுக்கு நாலைந்து தரம் கூட்டத்தான் வேண்டும். அவசரம் என்றால் தந்தியின் நடுவில் விரலைக் கொடுத்து மெல்ல மேலே இழுத்து விட்டு, திரும்பக் கூட்டி, திரும்ப இழுங்கள். பலமாக வேண்டாம்.

பழைய தந்தியும் இறங்கினால் முறுக்காணியைப் பாருங்கள். பல்லுச் சக்கரம் இல்லாத முறுக்காணி என்றால் அதன் நுனியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், கால் சுற்று இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். சக்கரம் உள்ளது என்றால் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டுத் துருப்பிடித்திருக்கும். பருத்தித்துறையிலிருந்து வரும் ஒரு பையனின் யுகுலேலேயில் நான்கு சக்கரமும் காப்பிக்கொட்டை நிறம்.

இன்னொன்று. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி பிறகும் வழுகும்.

"டியூனர் பச்சை காட்டுகிறது, காது இல்லை என்கிறது"

காதைத்தான் நம்புங்கள், ஆனால் ஏன் என்று தேடுங்கள். முதலில் போனில் உள்ள, சுருதி சரியா என்று காட்டும் டியூனர் அப்பின் செற்றிங்கைப் பாருங்கள். ஏ என்ற சுரம் 440 ஹேர்ட்ஸில் இருக்க வேண்டும். யாரோ 432 என்று மாற்றி வைத்திருந்தால் நீங்கள் மட்டும் தனியாக அடிக்கும்போது தெரியாது. கீபோட்டோடு சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு அரைச்சுரம் கீழே கிடப்பீர்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் ஒழுங்கையில் போனின் மைக் யுகுலேலேயை விட்டுவிட்டு ஒலிபெருக்கி நாதஸ்வரத்தைத்தான் பிடிக்கும். வாத்தியத்தின் தலையில் கவ்விப் பிடிக்கிற டியூனர் மரத்தின் அதிர்வை மட்டும் எடுப்பதால் அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதுவும் இல்லை என்றால் ஒரு தந்தியை மட்டும் சரியாக்கிவிட்டு மற்றதைக் காதால் கூட்டலாம். 3ஆம் தந்தியின் 4ஆம் மெட்டு திறந்த 2ஆம் தந்திக்குச் சமம். 2ஆம் தந்தியின் 3ஆம் மெட்டு திறந்த 4ஆம் தந்திக்குச் சமம். அதே 2ஆம் தந்தியின் 5ஆம் மெட்டு திறந்த 1ஆம் தந்திக்குச் சமம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சி கோட்டில் க மட்டும் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறதா? அப்படியென்றால் உங்கள் காது தம்புராவில் வளர்ந்த காது. தம்புராவுக்குள் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரம் என்ற க வைவிட மெட்டு வாத்தியத்தின் க ஏறக்குறைய 14 சென்ட் மேலே இருக்கிறது. ஒரு அரைச்சுரம் 100 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சுருதியிலும் ஒரே வாத்தியத்தை அடிக்க வேண்டும் என்பதற்காக அரைச்சுரங்களைச் சமமாகப் பங்கு போட்டதற்குக் கொடுத்த விலை அது. ஈ தந்தியைக் கொஞ்சம் இறக்கினால் சி கோட் தேன் மாதிரி வரும், ஆனால் அதே தந்தியில் பிடிக்கும் மற்ற எல்லாம் கெடும். நான் இறக்கிப் பார்த்து, இரண்டு நாளில் திரும்ப ஏற்றிவிட்டேன்.

"திறந்த தந்தி சரி, விரல் வைத்தால் சுருதி ஏறுகிறது"

மூன்று காரணங்கள். ஒன்று, பிடி பலம் கூடிவிட்டது. நைலோன் தந்திக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. சத்தம் தெளிவாக வரும் வரை மெல்ல அழுத்தி, அந்த அளவிலேயே நிறுத்திப் பழகுங்கள். இரண்டு, தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். வீணை படித்த பிள்ளைகளுக்கு விரல் பட்டதும் கமகம் வந்துவிடும், கோட்டுக்கு அது ஆகாது.

மூன்றாவது வாத்தியத்தின் பிழை. 3ஆம் மெட்டில் ஒரு தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு 1ஆம் மெட்டுக் கம்பிக்கும் தந்திக்கும் இடையே பாருங்கள். ஒரு கடதாசி நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதைவிட நிறைய இருந்தால் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட் என்ற சின்னத் துண்டில் உள்ள வெட்டுகள் ஆழம் போதாது. மலிவான யுகுலேலேகளில் இது சர்வசாதாரணம். 1ஆம் மெட்டில் விரல் வைக்கும் எஃப் கோட் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று அழுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். வெட்டை வீட்டில் அரம் போட்டு ஆழமாக்க வேண்டாம். ஒரு மயிரிழை கூடினால் திறந்த தந்தி இரையத் தொடங்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும்.

"ஒரு தந்தி ஊமை"

பெரும்பாலும் பக்கத்து விரலின் சதை தொடுகிறது. விரலை நுனியில் நிறுத்துங்கள், நகத்தை வெட்டுங்கள். அவ்வளவுதான்.

வயலின் படித்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. நானும் அந்தக் கூட்டம்தான். வயலினில் சுரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே விரல் போகும். அந்தப் பழக்கத்தில் மெட்டுக் கம்பியின் மேலேயே விரலை வைத்தேன், தந்தி இருமியது. விரல் கம்பிக்கு மேலே இல்லை, தலைப்பக்கமாக அதற்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அதிகம் பின்னால் போனால் இரையும். பன்னிரண்டு வருட வயலின் பழக்கத்தை விரலிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

"படத்தில் உள்ளபடி வைத்தேன், அந்தக் கோட் இல்லை"

சி க்குப் புளித்த மாதிரி ஒரு சத்தம் வந்தால் படத்தைக் கண்ணாடி பார்ப்பது போலப் பார்த்திருக்கிறீர்கள். கோட் படத்தில் இடப்பக்கக் கோடு 4ஆம் தந்தி. வாத்தியத்தை முகம் உங்களைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்தால் எப்படித் தெரியுமோ அப்படி. 0003க்குப் பதிலாக 3000 பிடித்தால் புளிக்காமல் என்ன செய்யும்.

தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் அடிக்கும் அண்ணாவின் விரலைப் பார்த்து அப்படியே வைத்தீர்களா? கிற்றாரில் நிலத்தைப் பார்த்து இருக்கும் நான்கு தந்திகளை ஐந்து மெட்டு ஏற்றினால் வருவதுதான் யுகுலேலேயின் ஜி, சி, ஈ, ஏ. அதனால் அண்ணாவின் டி விரல் உங்களிடம் ஜி ஆகிவிடும். அவருடைய ஜி உங்களிடம் சி. விரலைப் பார்க்க வேண்டாம், கோட்டின் பெயரைக் கேளுங்கள்.

"கோட் மாற்றும்போது பாட்டு நின்றுவிடுகிறது"

இதற்குத்தான் நிறையப் பேர் வருகிறார்கள், இதற்குத்தான் விரல் பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் எல்லா விரலையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தேடுவதுதான் பிரச்சினை. எதைத் தூக்கத் தேவையில்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரிவதற்குக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

சங்கராபரண இராகத்தை எடுங்கள். ச ரி க ம ப த நி. ஒன்று விட்டு ஒன்று மூன்று சுரம் பொறுக்கினால் ஒரு கோட். ச க ப, அது சி. ம த ச, அது எஃப். ப நி ரி, அது ஜி. த ச க, அது ஏ மைனர். ஜி யுடன் ம வையும் சேர்த்தால் ஜி7. இவ்வளவுதான் அடிப்படை.

இப்போது கையில் பாருங்கள். ஏ மைனர் 2000, நடுவிரல் 4ஆம் தந்தியின் 2ஆம் மெட்டில். அந்த இடம் த. எஃப் 2010. நடுவிரல் அங்கேயே இருக்கிறது, சுட்டுவிரல் மட்டும் 2ஆம் தந்தியின் 1ஆம் மெட்டில் வந்து உட்காருகிறது. த ச க, ம த ச இரண்டுக்கும் த வும் ச வும் பொது. பொதுவான சுரத்தை விரல் ஏன் விட வேண்டும்?

எஃப்பிலிருந்து ஜி7. ஜி7 என்றால் 0212. சுட்டுவிரல் இருக்கும் 2ஆம் தந்தியின் 1ஆம் மெட்டு ம. எஃப்பிலும் ம உண்டு, ஜி7இலும் ம உண்டு. அதனால் சுட்டுவிரலை ஒட்டிவைத்த மாதிரி விட்டுவிட்டு நடுவிரலை 3ஆம் தந்திக்கும் மோதிரவிரலை 1ஆம் தந்திக்கும் கொண்டுபோங்கள், இரண்டும் 2ஆம் மெட்டு. மூன்று மாதம் பழகியும் வராத மாற்றம் இதைச் சொன்ன பத்து நிமிஷத்தில் வந்ததை வகுப்பில் கண்டிருக்கிறேன்.

ஜி7இலிருந்து சி க்கு வரும்போது இன்னும் அழகு. 1ஆம் தந்தியில் நி ஒரு மெட்டு ஏறி ச ஆகிறது. 2ஆம் தந்தியில் ம ஒரு மெட்டு இறங்கி க ஆகிறது. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று காது நிம்மதி அடைவதற்குக் காரணம் இந்த இரண்டு அரைச்சுரப் படிகள். இதை மெதுவாக, அந்த இரண்டு தந்தியை மட்டும் தட்டி, ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

வலது கைக்கு ஒரேயொரு சட்டம். அது நிற்கக் கூடாது. இடது கை பிந்தினால் திறந்த தந்தியில் அடித்துக்கொண்டே போங்கள். அவை ப ச க த என்பதால் சி யிலோ ஏ மைனரிலோ பெரிதாகக் கெட்டுவிடாது.

"சோகப் பாட்டு சந்தோஷமாகக் கேட்கிறது"

மைனர் போட வேண்டிய இடத்தில் மேஜர் போட்டிருக்கிறீர்கள். ஏ மைனரைப் பிடித்து ஒருதரம் அடியுங்கள். விரலை எடுக்காமல் சுட்டுவிரலை 3ஆம் தந்தியின் 1ஆம் மெட்டில் வையுங்கள், 2100. அது ஏ மேஜர். அறைக்குள் விளக்குப் போட்ட மாதிரி மாறும். ஏ யை ச என்று நினைத்துப் பார்த்தால் மாறியது காந்தாரம் மட்டும். சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரம் ஆகிவிட்டது. ச விலிருந்து மூன்று மெட்டுத் தள்ளி என்றால் மைனர், நாலு மெட்டுத் தள்ளி என்றால் மேஜர்.

"கோட் எல்லாம் சரி, குரல் சேரவில்லை"

பாட்டுப் புத்தகத்தில் சி என்று போட்டிருந்தால் 1 கட்டை. சங்கீத வகுப்பில் 5 கட்டை, 5½ கட்டையில் பாடிப் பழகிய தங்கச்சிமாரை 1 கட்டையில் பாடச் சொன்னால் ஒன்றில் தொண்டைக்குள் முணுமுணுப்பார்கள், அல்லது கத்துவார்கள். குரலை மாற்ற வேண்டாம், கோட்டை மாற்றுங்கள். ச, ம, ப மூன்றின் மேலும் நிற்கும் கோட்கள் எவை என்று தெரிந்தால் போதும். 1 கட்டைக்கு சி, எஃப், ஜி7. 2 கட்டைக்கு டி, ஜி, ஏ7. 4 கட்டைக்கு எஃப், பி ஃபிளாட், சி7. 5 கட்டைக்கு ஜி, சி, டி7. 6 கட்டைக்கு ஏ, டி, ஈ7. 5½ வேண்டும் என்றால் 1ஆம் மெட்டில் கேப்போவை (எல்லாத் தந்தியையும் ஒன்றாக அமத்தும் கவ்வி) மாட்டிவிட்டு 5 கட்டைக் கோட்களையே பிடியுங்கள்.

பி ஃபிளாட் 3211. சுட்டுவிரல் இரண்டு தந்தியைப் படுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் எல்லோரும் பயப்படுகிறார்கள். தொடக்கத்தில் 4 கட்டைப் பக்கமே போகாமல் இருப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

"சரளி வரிசைக்குக் கோட் போட்டால் கடிக்கிறது"

சங்கீதம் படித்த எந்தப் பிள்ளையும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கும். சங்கீத வகுப்பின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் இருக்கிறது. அதில் ரி யும் த வும் சுத்த ரிஷபம், சுத்த தைவதம். நீங்கள் போடும் எஃப் கோட்டில் இருப்பது சதுசுருதி தைவதம், ஜி கோட்டில் சதுசுருதி ரிஷபம். அரைச்சுரம் இடைவெளியில் இரண்டு த ஒரே நேரத்தில் ஒலித்தால் கடிக்கும்தான். எஃப்புக்குப் பதிலாக எஃப் மைனர் 1013 பிடியுங்கள், த சரியாகிவிடும். ரி வரும் இடத்தில் டி ஃபிளாட் 1114. ஆனால் உண்மையைச் சொன்னால் பாடுபவரின் கமகத்துக்குள் கோட் தலையை நுழைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கோட்டும் இராகமும் சண்டை பிடிக்காமல் பழக வேண்டும் என்றால் மோகனத்தில் எளிய பாட்டு ஒன்றை எடுத்து சி யையும் ஏ மைனரையும் மட்டும் மாற்றி மாற்றி அடியுங்கள். அந்த இரண்டு கோட்டின் எல்லாச் சுரங்களும் மோகனத்துக்குள் இருக்கின்றன.

"கோட் சரி, அடி பொருந்தவில்லை"

பாட்டை மூன்றாக எண்ணிப் பாருங்கள், பிறகு நாலாக. மூன்றில் நடக்கும் பாட்டுக்கு நாலு அடித்தால் ஒருக்காலும் பொருந்தாது. கையில் தாளம் போடத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"எதைச் செய்தும் சரிவரவில்லை"

தந்திகளின் அடிநுனியைப் பெட்டியில் பிடித்திருக்கும் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது. சித்திரை வெயிலில் வாகனத்துக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்திருந்தால் இப்படி நடக்கும். இதற்குக் கடைப் பசையைப் பூசி அமத்த வேண்டாம், பிறகு திருத்துபவர் அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் போகும். நான்கு தந்தியையும் இன்றைக்கே தளர்த்திவிட்டு, மரவேலையும் வாத்தியமும் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.